இசைநாடக நடிப்பின் பாலபாடம்

பாடத் தெரிந்த ஒருவருக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் அவர் இசைநாடக நடிகராகிவிடுவாரா, அன்றி நடிக்கத் தெரிந்தவருக்கு நாலு பாட்டைச் சொல்லிவைத்தால் அதுவே போதுமா என்னும் வினா, தமிழ் நாடக மேடையோடு தொடர்புடையோர் நூறாண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் வினாவாகும். சங்கீதத்தில் பற்றுடையோர் முதல் வழியையும், வசன நாடகத்தில் ஈடுபட்டோர் இரண்டாம் வழியையும் ஆதரித்துப் பேசிவந்திருக்கிறார்கள். இரு சாராரும் பாட்டையும் நடிப்பையும் வெவ்வேறு வித்தைகளாக வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் இசைநாடகம் தானாகவே பிறந்துவிடும் என்று நம்பினார்கள். இந்தக் கலையை உண்மையில் வளர்த்தவர்களான நாடகக் கம்பெனி வாத்தியார்களும் கூத்து அண்ணாவிமார்களும் அவ்வாறு நம்பியதாகத் தோன்றவில்லை. பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது, பாட்டு எந்த இடத்தில் மறுபடியும் பேச்சுக்கு இறங்குகிறது என்பதையே அவர்கள் மாணாக்கனுக்கு முதலாவதாகப் புகட்டினார்கள் என்றும், ஏனைய அப்பியாசங்கள் யாவும் அந்த ஒன்றைச் சுற்றி அமைந்தவையே என்றும் நான் கருதுகிறேன். இக்கருத்துக்கு ஆதாரமானவற்றையும், இதற்கு மாறாகச் சொல்லத் தக்கவற்றையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இங்கே நோக்கம்.

பயிற்சி முறையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள விரிவான பழஞ்செய்தி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இருக்கிறது. ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு இயற்றும் கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அவளுக்குத் துணைநின்றோர் ஒவ்வொருவருடைய இலக்கணமும் தனித்தனியே வகுக்கப்படுகிறது. அந்த இலக்கணங்களை ஊன்றிப் படிப்போர், ஒருவன் தன் துறையோடு நின்றுவிட முடியாதபடி அவை அமைந்திருப்பதைக் காண்பார்கள். இசையாசிரியன் யாழையும் குழலையும் தாளத்தையும் மிடற்றையும் அறிவதோடு ஆடலையும் அறிந்து, அவற்றிற்கு இசைந்த பாடலை அமைக்க வல்லவனாக இருக்க வேண்டும். கவிஞனோ நாட்டிய நூலை உணர்ந்தவனாக இருக்க வேண்டும். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கும், மூவகை எழினிகளும் அதே காதையில் விவரிக்கப்படுவதால், அரங்கின் அளவும் திரையின் போக்கும் பாடத்தின் அங்கங்களாகவே கருதப்பட்டன என்று கொள்வதில் பிழையில்லை. இத்தகைய பயிற்சியை விரித்துரைத்த நாடக நூல்கள் பல இறந்துபட்டன என்று அடியார்க்கு நல்லார் தம் உரைப்பாயிரத்தில் வருந்துகிறார். எஞ்சியது காப்பியம் காட்டும் கோட்டுச் சித்திரம் மட்டுமே.

அதற்குப் பின் வந்த பல நூற்றாண்டுகளைப் பற்றி இங்கே நீட்டிப் பேச வேண்டுவதில்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் பெரும்பாலும் கதாகாலட்சேபத்திலும் கச்சேரியிலும் வழங்கிய போதிலும், பாத்திரம் தன் நிலையைத் தானே பாட்டாகச் சொல்லும் மரபைத் தமிழ்ச் செவிக்குப் பழக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்ஸி நாடகக் கம்பெனிகள் தென்னாட்டுக்கு வந்தபோது, வர்ணத் திரைகளும் சீன்களும் இந்துஸ்தானி மெட்டுக்களும் நம் மேடைக்கு ஏறின. ஆர்மோனியமும் மேடையில் நிலையான இடம்பிடித்தது. கர்நாடக சங்கீத வித்துவான்கள் அந்தப் பெட்டியைப் பழித்தது ஒருபுறமிருக்க, நாடக மேடையில் அது செய்த உபகாரம் பெரிது. அதைப் பற்றிப் பின்னர் வருவோம்.

தமிழில் இசைநாடகப் பயிற்சியைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட எவரும் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகளைத் தாண்டிச் செல்ல முடியாது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கியமும் கற்று, இருபத்து நான்காம் வயதில் நடிகராக மேடையேறி, இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் பெயர் பெற்று, பின்னர் வேடம் தரிப்பதை விடுத்து ஆசிரியராகவே வாழ்ந்து 1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, நல்லதங்காள் முதலிய அவருடைய நாடகங்கள் இன்றும் ஆடப்படுகின்றன. ஆயினும் அவருடைய நாடகங்களைக் காட்டிலும் அவர் வகுத்த கல்விமுறையே நம் ஆராய்ச்சிக்குப் பொருளாகும். அவர் காலத்தில் வயது வந்த நடிகர்கள் மேடையில் தமக்குத் தோன்றியதைப் பேசுவதும், கதைக்குச் சம்பந்தமில்லாத கீர்த்தனங்களைப் பாடிக் கைதட்டல் வாங்குவதும், ஒருவரை ஒருவர் மட்டந்தட்டுவதும் சாதாரணமாக இருந்தன. இவர்களைத் திருத்துவதைக் காட்டிலும் இளம்பிள்ளைகளை ஆதி முதல் பழக்குவதே மேல் என்று துணிந்து, 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் அவர் நிறுவினார். முன்னதில் செங்கோட்டைக் கிட்டப்பா சிறு பிள்ளையாகப் பயின்றார், பின்னதில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களுள் டி. கே. ஷண்முகம் அப்போது ஆறு வயதுப் பாலகர்.

ஷண்முகம் பிற்காலத்தில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ இந்தக் கல்விமுறையை உள்ளிருந்து காட்டும் நூல். சிறுவனாகிய தமக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தி அதில் பிரசித்தம். அந்தச் செய்தியைப் படிப்போர் சுவாமிகளின் கவித்துவ வேகத்தை வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். என்னை ஈர்ப்பது வேறொன்று: மாணாக்கனுடைய சாரீரமும் நாவும் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்த ஆசிரியர் அந்த அளவுக்கே பாட்டையும் வசனத்தையும் அளந்து எழுதினார் என்பது. இசைநாடகத்தில் பாடத்தை இயற்றுவோனும் பயிற்றுவோனும் ஒருவனாகவே இருந்துவிட்டால், மாணாக்கன் பாத்திரத்துக்குப் பொருந்த வேண்டும் என்னும் நிர்ப்பந்தத்தோடு பாத்திரமும் மாணாக்கனுக்குப் பொருந்தும் என்னும் சலுகை சேர்ந்துவிடுகிறது. இன்றைய பயிற்சிக் கூடங்களில் அச்சான நாடகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் சுருதிக்கும் வேகத்துக்கும் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கும்போது, அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

பாய்ஸ் கம்பெனிகள் என்று வழங்கிய பாலர் சபைகளில் நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அங்கு வளர்ந்தவர்கள் பலர் எழுதியும் சொல்லியும் வைத்திருக்கிறார்கள். கம்பெனி வீடு என்பது ஒரு குருகுலம். உண்பதும் உறங்குவதும் பயில்வதும் அதற்குள்ளேயே. விடியற்காலையில் எழுந்து சாதகம், பிறகு வாத்தியார் வாயால் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் பாடம், பிற்பகலில் ஒத்திகை, இரவில் நாடகம். நாடகம் முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகவேண்டும் என்பது நடைமுறை. ஒரு பார்ட்டை மட்டும் நெட்டுருப் போட்டவனுக்கு அங்கே மதிப்பில்லை. தன் பேச்சுக்கு முன்னும் பின்னும் வருவதை அறியாத பிள்ளை பாட்டை எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவான் என்பது இதற்கு ஒரு காரணம். காய்ச்சலில் விழுந்தவன் வேடத்தை அன்றிரவே வேறொருவன் கட்டியாக வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, எம். ஜி. ராமச்சந்திரனும் பி. யு. சின்னப்பாவும் பயின்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபை ஆகியவை இந்த ஏற்பாட்டையே சிற்சில வேறுபாடுகளுடன் பின்பற்றின.

இந்த முறையை வானளாவப் புகழ்வோர் மறைத்துவிடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரம்படி அங்கே பாடத்தின் பகுதியாகவே இருந்தது. வறுமையால் பெற்றோர் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளே மிகுதியாதலால், ஓடிப்போவதற்கும் அவர்களுக்குப் போக்கிடம் இருந்ததில்லை. குழந்தை உழைப்பென்று இன்று சட்டம் தடுக்கும் காரியமே அது. அதனிலும் கொடியது மகரக்கட்டு வந்த காலத்தில் நடந்தது. ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறந்த சிறுவன், பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைந்தவுடன் கம்பெனிக்குப் பயனற்றவனாகிவிடுவான். உடைந்த குரலை ஓய்வில் விடாமல் உச்ச ஸ்தாயியில் கத்தவைத்துக் கெடுத்துவிட்ட வாத்தியார்களும் உண்டு. சாரீரம் என்பது உடம்பின் ஓர் உறுப்பு, அதற்கும் பருவமும் ஓய்வும் உண்டு என்ற அறிவு அந்த முறையில் குறைவாகவே இருந்தது. இன்று இசைநாடகம் கற்பிப்போர் இந்தக் குறையை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

உச்ச ஸ்தாயி என்றேன். ஒலிபெருக்கி வருவதற்கு முன் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமாயின், குரலை மேலே ஏற்றிப் பாடுவதைத் தவிர வழியில்லை. கிட்டப்பாவின் புகழும் கே. பி. சுந்தராம்பாளின் புகழும் அந்த உச்சத்தில்தான் நின்றன. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் மேடைப் பாட்டுக்கு ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டன. அதன் விளைவாக, இசைநாடகம் பயில வருவோர் முதல் நாளே மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்க ஆசைப்படுகிறார்கள். ஒலிபெருக்கி இருக்கும் இக்காலத்தில் அந்த ஆசை தேவையற்றது, ஆரம்ப மாணாக்கனுக்கு அபாயமானதும்கூட. மந்தர ஸ்தாயியில் அகாரமாகச் சாதகம் செய்து, மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்கப் பழகியவன் பிறகு எந்த உயரத்துக்கும் போகலாம்.

குரலுக்கு அடுத்தபடி சொல். இதில்தான் சங்கீதக் கச்சேரியும் நாடக மேடையும் வழி பிரிகின்றன. கச்சேரியில் ராகத்தின் வளர்ச்சிக்காக ஒரு சொல்லைப் பிளந்து நடுவில் சங்கதி போடலாம். கேட்போர் சாகித்தியத்தை முன்னரே அறிந்திருப்பார்கள். நாடகத்தில் அந்தப் பாட்டுத்தான் செய்தி. அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கும் சந்திரமதிக்கும் கோவலனுக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊராருக்கும் பொருள் விளங்க வேண்டும். சுவாமிகளின் பாட்டுக்கள் வெண்பா, விருத்தம், கொச்சகம், கண்ணி, சிந்து, கும்மி என்று யாப்பு நிறைந்தவை. விருத்தத்தைத் தாளமின்றி ராகத்தில் பாடும்போது, சீர் முடியும் இடத்தில் நிறுத்துவதா, பொருள் முடியும் இடத்தில் நிறுத்துவதா என்பது ஒவ்வோர் அடியிலும் எழும் பிரச்சினை. சீரில் நிறுத்தினால் செய்யுளின் ஓசை வாழ்கிறது, பொருள் சிதைகிறது. பொருளில் நிறுத்தினால் ஓசை நொண்டுகிறது. முதலில் விருத்தத்தைப் பதம் பிரித்து வசனமாகப் பேசவைத்து, பேச்சில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று கண்டுகொண்டு, பாடும்போது அந்தச் சொல்லிலேயே ராகத்தை நிறுத்தச் செய்தால் இரண்டுக்கும் பங்கமில்லை. ழகர ளகர லகரங்களையும், ரகர றகரங்களையும் பாட்டிலும் பிசகாமல் உச்சரிக்கும் பழக்கம் இந்தப் பயிற்சியினூடே தானாக வந்துவிடும்.

பாவமும் இந்த இடத்திலேயே பிறக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறார். அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தைப் பயிலும் மாணாக்கனுக்கு இந்தச் சூத்திரத்தைப் போல் உதவக்கூடியது வேறொன்றில்லை. மகன் உயிரற்றுக் கிடக்கப் புலம்பும் சந்திரமதியின் துயரம் இழவினால் வந்தது. சுடலைக் காவலன் கூலி கேட்கும்போது கையில் காசில்லாமல் நிற்கும் துயரம் வறுமையினால் வந்தது. அரசியாக இருந்தவள் அந்தக் காவலனிடம் கெஞ்ச நேர்ந்த துயரம் இளிவினால் வந்தது. மூன்றையும் ஒரே முகாரியில், ஒரே விதமான விம்மலோடு பாடிவிடும் நடிகைக்கு ராகம் தெரிந்திருக்கலாம், சந்திரமதியைத் தெரியாது. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து இந்த மயான காண்டத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப ஆடியும், ஈழத்து ரசிகர்கள் விடிய விடிய அமர்ந்து அதைக் கண்டதற்கு, அரிச்சந்திரனுடைய துயரத்தின் படிகளை அவர் பிரித்துக் காட்டியதே காரணமாக இருக்க வேண்டும். கே. பி. சுந்தராம்பாள் கொடுமுடியிலிருந்து வந்த ஏழைச் சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேடம், பசியால் வாடி உணவு கேட்கும் நல்லதங்காளின் பிள்ளை. பசி இன்னதென்று எவரும் கற்பிக்க வேண்டியிராத அந்தக் குழந்தைக்கு, அதைச் சுருதியில் நின்று சொல்வதை மட்டுமே கற்பிக்க வேண்டியிருந்தது.

இனி, முதலில் குறிப்பிட்ட அந்தத் திருப்பத்துக்கு வருவோம். பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் கணமே இசைநாடகத்தில் மிக எளிதில் பொய்யாகிவிடும் கணம். நடிகன் பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி, நிமிர்ந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெட்டிக்காரரைப் பார்த்துச் சுருதி கேட்டு, பின்னர் பாட ஆரம்பித்தானானால், அந்த இடைவெளியில் பாத்திரம் செத்துப்போகிறது. தேர்ந்த நடிகர்கள் இதை எவ்வாறு கடக்கிறார்கள் என்பதைக் கவனித்தால், வசனத்தின் கடைசி வாக்கியம் சிறிது சிறிதாக உயர்ந்து ஆதார ஷட்ஜத்தை அணுகுவதும், ஆர்மோனியம் அதே ஸ்வரத்தில் மெல்ல நுழைந்து நிற்பதும், தாளமில்லாத விருத்தம் இரண்டுக்கும் நடுவே பாலமாக வருவதும், விருத்தத்தின் ஈற்றடியில் மிருதங்கமோ டோலக்கோ எடுப்பைக் கொடுத்துப் பாட்டை ஏந்திக்கொள்வதும் தெரியவரும். பேச்சு, பேச்சோடொட்டிய விருத்தம், தாளத்தோடு கூடிய பாட்டு என்னும் இந்த ஏற்றத்தைத்தான் நம் இசைநாடக ஆசிரியர்கள் நாடகத்தின் அமைப்பிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இறக்கமும் அவ்வாறே. பல்லவியை முடித்த கையோடு, பாட்டின் மூச்சு முடியுமுன்னரே அடுத்த வசனத்தின் முதற்சொல் வந்துவிட வேண்டும்.

ஆர்மோனியம் செய்த உபகாரம் என்று முன்னர் சொன்னது இதையே. தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு சுருதி, பேசும்போதும் நடிகன் காதில் விழுந்துகொண்டிருப்பதால், அவன் எந்தக் கணத்திலும் பாட்டுக்குள் காலெடுத்து வைக்கலாம். அக்காலத்து மேடையில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். பின்பாட்டும் பாடி, நடிகன் மறந்த அடியை எடுத்துக்கொடுத்து, மூச்சு வாங்கும் இடத்தில் தாமே பாடி நிரப்பி நாடகத்தை நடத்திச் செல்பவர். காதர் பாட்சா போன்றோர் நடிகர்களுக்குச் சமமான விளம்பரம் பெற்றிருந்தார்கள். கிட்டப்பாவுக்கு அவருடைய தமையனார் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார் என்பதும் கவனிக்கத் தக்கது. ‘ஒன்ஸ்மோர்’ என்னும் கூச்சல்தான் இந்த ஏற்பாட்டுக்கு நேர்ந்த சத்துரு. அந்தக் கூச்சலுக்கு இணங்கி உயிர்விட்ட பாத்திரம் எழுந்து மறுபடியும் பாடிய காட்சிகளைப் பற்றிய கதைகள் வேடிக்கையாகச் சொல்லப்படுகின்றன. எனக்கு அவை வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் பம்மல் சம்பந்த முதலியாரின் ஆட்சேபத்தைக் கேட்பது நியாயம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றி, நாடகத்துக்குச் சமூக மதிப்பைத் தேடித்தந்த அப்பெரியார், இடமறியாமல் புகுந்த பாட்டுக்களை வெட்டியெறிந்து, வசனத்தை நாடகத்தின் உயிர்நாடியாக்கினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவதைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், பாத்திரத்தின் மனநிலையை உணராத நடிகன் எவ்வளவு பாடினாலும் பயனில்லை என்று வாதித்ததில் முழு உண்மை இருக்கிறது. கந்தசாமி முதலியார் டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனிக்கு வாத்தியாராக வந்து சமூக நாடகங்களைப் பயிற்றியபோது, பாட்டில் ஊறிய அந்தப் பிள்ளைகளுக்கு இயல்பான பேச்சும் அளவான அங்க அசைவும் புதிதாகக் கிடைத்தன. ஆனால் சம்பந்த முதலியார் வெட்டியது கெட்ட பாட்டை. அவரைப் பின்பற்றியோர் வெட்டியது பாட்டையே. நோய்க்குச் செய்த சிகிச்சை அங்கத்தையே நீக்கியது போலாயிற்று. வசன நாடகம் ஓங்கிய அளவுக்கு இசைநாடகப் பயிற்சி நகரங்களிலிருந்து மறைந்து, மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பகுதிகளின் ஸ்பெஷல் நாடக மேடையில் தஞ்சம் புகுந்தது.

ஸ்பெஷல் நாடகம் என்பது விசித்திரமான ஏற்பாடு. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூனும் டான்ஸும் வேறிடங்களிலிருந்தும் தனித்தனியே தேதி கொடுத்து, அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்து, அன்றிரவே விடியும் வரை வள்ளி திருமணம் ஆடிவிடுவார்கள். இது சாத்தியமாவதற்குச் சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதே காரணம். அந்தப் பொதுப் பாடத்துக்குள்ளே தர்க்கம் என்றொரு பகுதி வருகிறது. தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும், பின்னர் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் கேள்வியும் மறுமொழியுமாகப் பேசியும் பாடியும் மோதிக்கொள்ளும் பகுதி. எதிராளி எந்த ராகத்தில் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆதலால் வருவதைக் கவனித்துக் கேட்கும் காது நடிகருக்கு முதல் தகுதியாகிறது. பாடுவதற்குமுன் கேட்கப் பழகவேண்டும் என்னும் பாடத்தைத் தர்க்கத்தைப் போல் வலுவாகக் கற்பிக்கும் பயிற்சி வேறொன்றை நான் அறியேன். தர்க்கம் சில சமயம் வாய்ச்சண்டையாக இறங்கிவிடுவதும் உண்டு. சுவாமிகள் எதை ஒழிக்கப் பாலர் சபை கண்டாரோ அதுவே பின்வாசல் வழியாக மீண்டும் நுழைந்துவிட்டது என்று குறைகூறுவோர் சொல்வதை மறுப்பதற்கில்லை. இந்த நடிகர்களுக்கென மதுரையில் 1923ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கம் இருந்துவருகிறது.

இதுவரை சொன்னவற்றில் உடம்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. கம்பெனி மேடையில் கால்களுக்கு வேலை குறைவு என்பதே அதற்குக் காரணம். அந்தக் குறையை நிரப்பக் கூத்தைத்தான் நாட வேண்டும். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் அண்ணாவியார் வாயால் தாளக்கட்டைச் சொல்லி ஆட்டத்தைப் பழக்குவார். இன்னாருக்கு இன்ன வேடமென்று தீர்மானித்து ஏட்டைக் கையில் தரும் சட்டம் கொடுத்தல் ஒரு சடங்கு. பல மாதப் பழக்கத்துக்குப் பின் காலில் சதங்கை அணிவது ஒரு சடங்கு. அதன் பிறகே அரங்கேற்றம். வட்டக்களரியில் ஆடிக்கொண்டே பாடுபவன் தன் அடியைப் பாடி முடித்ததும் பிற்பாட்டுக்காரர்கள் அதை ஏற்றுப் பாட, அவன் மூச்சை மீட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வான். ஆட்டமும் பாட்டும் ஒரே உடம்பில் எவ்வாறு இடம் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் மேடையேற்றியபோது, இரவு முழுவதும் நடந்த கூத்தைக் குறுகிய நேரத்துக்குச் சுருக்கியும் ஆட்டத்தைச் சுருக்காமல், பாத்திரத்தின் மனநிலைக்கேற்ப அதைச் செறிவாக்கினார். தொண்டை நாட்டுத் தெருக்கூத்தில் புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றோர் காத்துவந்த திரைப் பிரவேசமும் அடவுகளும் இதே தரத்தவை. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது நவீன நடிகனின் உடற்பயிற்சிக்கு அவற்றையே ஆதாரமாகக் கொண்டார்.

இன்று இக்கலையைக் கற்பதற்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் தாங்கிய நிகழ்கலைப் பள்ளியும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையும் இருக்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருங்கே கற்பித்ததோடு, ஆண்களுக்கே உரியதாயிருந்த அந்தக் களரியில் பெண்பிள்ளைகளையும் ஏற்றியது. பிரம்பின்றியும் குருகுலம் நடத்தலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். இவற்றின் பாடத்திட்டங்களைக் குறைகூறுவது என் கருத்தன்று. ஆயினும் பாட்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், நடிப்பு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், உடற்பயிற்சிக்கு ஓர் ஆசிரியர் என்று மணி அடித்துப் பிரிக்கும் பொதுவான கல்லூரி ஏற்பாட்டில், அம்மூவரும் மாதவியின் ஆசிரியர்களைப் போல் ஒருவர் துறையை ஒருவர் அறிந்திராவிட்டால், பேச்சு பாட்டாகும் அந்தக் கணத்தைக் கற்பிக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போய்விடுகிறது. ஆரம்ப மாணாக்கனுக்கு முதல் ஆண்டில் பத்துப் பாட்டுக்கள் சொல்லிக்கொடுப்பதைவிட, மூன்று விருத்தங்களைக் கொடுத்து, அவற்றைப் பேசவும், பேச்சிலிருந்து பாடவும், பாடியவாறே நடக்கவும், எதிரில் நிற்பவனுக்குச் செவி கொடுக்கவும் பழக்குவதே பயனுடையது. கீர்த்தனமும் மேல் ஸ்தாயியும் இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

இக்கலையில் ஆர்வமுடைய வாசகர்கள் புத்தகங்களோடு நின்றுவிடாமல், பங்குனி, சித்திரை மாதங்களின் கோயில் திருவிழாக் காலத்தில் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஏதாவதோர் ஊரில் வள்ளி திருமணம் நடக்கும்போது சென்று, மேடைக்கு நேர் எதிரே அமராமல் ஆர்மோனியக்காரரின் கையும் நடிகரின் வாயும் ஒருசேரத் தெரியும்படி பக்கவாட்டில் அமர்ந்து, இரவு முழுவதும் கேட்டுவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸுக்கும் போய்விடும். வள்ளி நள்ளிரவுக்குப் பிறகே வருவாள். கட்டணம் கிடையாது.